6 அடி தொட்டிக்கு எந்த கேனிஸ்டர் ஃபில்டர்? கடையில் ஒன்று சொல்கிறார்கள், நெட்டில் வேறொன்று

ஆஸ்கர்வீடு (மேடவாக்கம்)

வணக்கம் நண்பர்களே. 6க்கு 2க்கு 2 அடியில் புதுத் தொட்டி செய்யக் கொடுத்திருக்கிறேன். 12 மி.மீ. கண்ணாடி, அடுத்த மாதம் வந்துவிடும். விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர், மேலே விடும் இடைவெளி, மணல், கட்டை எல்லாம் போக 600 லிட்டர் நிற்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது 4 அடி தொட்டியில் இருப்பவை: இரண்டு ஆஸ்கர் (ஒவ்வொன்றும் முக்கால் அடி ஆகிவிட்டது), ஒரு ஜோடி செவரம், ஆறு சில்வர் டாலர், அப்புறம் கடையில் டேங்க் கிளீனர் என்று கொடுத்த ஒரு பிளெகோ, அதுவும் ஒரு அடியைத் தாண்டிவிட்டது. எல்லாரையும் புதுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இப்போது ஓடுவது மேலே வைக்கும் டாப் ஃபில்டர்தான், வாரம் ஒருமுறை வெள்ளைப் பஞ்சை மாற்றுகிறேன், ஆனாலும் ஆஸ்கர் சாப்பிட்ட அடுத்த அரை மணி நேரத்தில் தண்ணீர் முழுக்கத் துகள் பறக்கிறது.

கொளத்தூரில் விசாரித்தால் ஒருவர் மணிக்கு 2000 லிட்டர் போட்ட சீன கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைத்து ஹோஸ் வழியாகத் தண்ணீரைச் சுற்றவிடும் மூடிய டப்பா ஃபில்டர்) ஒன்று போதும், யூவி விளக்கும் உள்ளேயே இருக்கிறது என்கிறார். நெட்டில் படித்தால் ஃப்ளூவல் எஃப்எக்ஸ்6-க்குக் குறைந்து எதையும் வாங்காதே என்கிறார்கள், அதன் விலையில் சீனத் தயாரிப்பு மூன்று நான்கு வாங்கிவிடலாம். ஆபீஸ் நண்பர் ஒருவர் எஹைம் 2217 இரண்டு வாங்கி இரண்டு பக்கமும் மாட்டு என்கிறார். பட்ஜெட் முப்பதாயிரத்துக்குள் இருந்தால் நல்லது, கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை. போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. பெரிய மீன் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சிக்லிட்தாத்தா (பெரம்பூர்)

தம்பி, முதலில் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். மணிக்கு 2000 லிட்டர் என்பது உள்ளே ஸ்பாஞ்சும் இல்லாமல், ஹோஸும் இல்லாமல், வெறும் மோட்டார் தள்ளுகிற கணக்கு. அந்த எஃப்எக்ஸ்6-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், மோட்டார் 3500 லிட்டர் தள்ளும், ஃபில்டர் வழியாகச் சுற்றுவது 2130 என்று கம்பெனியே இரண்டு எண் தருகிறது. மற்ற பலர் பெரிய எண்ணை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். மீடியா (ஸ்பாஞ்ச், ரிங் மாதிரி உள்ளே போடும் வடிகட்டும் பொருள்) நிரப்பி இரண்டு மாதம் அழுக்குப் பிடித்த பிறகு எந்த கேனிஸ்டரும் பெட்டியில் போட்ட அளவுக்குப் பக்கத்திலேயே வராது. உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கத் தண்ணீர் திரும்பி வரும் ஹோஸை தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே பிடித்துக்கொண்டு 10 லிட்டர் வாளியில் விடுங்கள். 30 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1200 லிட்டர். வாளியைத் தரையில் வைத்து அளந்தால் சைஃபன் இழுப்பும் (குழாயில் தண்ணீர் தானாகக் கீழே இறங்குவது) சேர்ந்துகொண்டு கூடுதலாகக் காட்டும், அதை நம்பிச் சந்தோஷப்பட வேண்டாம்.

சிலர் உங்களிடம் ஸ்டாண்ட் உயரம் அதிகம், மோட்டார் நாலடி ஏற்ற வேண்டும், பவர் போதாது என்று சொல்வார்கள். கேனிஸ்டருக்கு அந்தக் கணக்கு கிடையாது. மேலிருந்து இறங்கும் தண்ணீரின் எடையும் மேலே ஏறும் தண்ணீரின் எடையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், மூடிய சுற்று அது. ஹோஸின் நீளம், வளைவு, உள்ளே மீடியாவின் அடைப்பு, இவைதான் ஓட்டத்தைத் தின்னும். அதனால் ஹோஸைத் தேவைக்கு மேல் நீளமாக விட்டு ஸ்டாண்டுக்குள் சுருட்டி வைக்காதீர்கள். அளந்து வெட்டுங்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? எனக்கு முதல் கேள்வி, அதைத் திறந்து கழுவ எவ்வளவு பாடு. ஆஸ்கர் சாப்பிடும்போது பாதியை வாயில் மென்று செவுள் வழியாகத் துப்பும், அதெல்லாம் நேராக கேனிஸ்டருக்குள் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் நம் கண்ணுக்குத்தான் தண்ணீர் சுத்தம், மீனைப் பொறுத்தவரை அந்தக் கழிவு இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது, ஏனென்றால் அதே தண்ணீர்தானே சுற்றிச் சுற்றி வருகிறது. திறக்கச் சோம்பல்படுகிற மாதிரியான ஃபில்டரை வாங்கினால் ஆறு மாதம் திறக்க மாட்டீர்கள். மனித சுபாவம். எனவே உறிஞ்சும் குழாயின் முனையில் கரடுமுரடான ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகிவிடுங்கள், முன்ஃபில்டர். பார்க்க அசிங்கமாக இருக்கும், கறுப்பு வாங்கிக் கட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது அதை மட்டும் கழற்றி, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள். கழற்றும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைப் பிடித்து அதற்குள் இழுத்து எடுங்கள், இல்லாவிட்டால் சேர்ந்த கசடெல்லாம் திரும்பத் தொட்டியில் கலைந்துவிடும். இதைச் செய்தால் கேனிஸ்டரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும்.

இரண்டாவது, ஒன்றா இரண்டா. 6 அடித் தொட்டிக்கு நான் எப்போதும் இரண்டு என்றுதான் சொல்வேன். ஒரு மூலையில் ஒரே பெரிய கேனிஸ்டர் இருந்தால் எதிர் மூலையில் தண்ணீர் நகராமல் கசடு குவியும். இரண்டு இருந்தால் ஒன்றைக் கழுவும்போது இன்னொன்றில் கழிவை முறிக்கும் பாக்டீரியா பத்திரமாக இருக்கும், ஒன்று படுத்தாலும் மீன் பிழைக்கும். எஹைம் 2217 ஒன்றுக்கு 20 வாட், மணிக்கு 1000 லிட்டர் என்பார்கள், உள்ளே கூடை கிடையாது, பட்டன் கிடையாது, தானாகத் தண்ணீர் இழுத்துக்கொள்ளவும் தெரியாது, நீங்கள்தான் வாயாலோ குழாயாலோ உறிஞ்சிவிட வேண்டும். ஆனால் பல வருடமாக வடிவம் மாறாத சாமான். ஓ-ரிங்கும் (மூடி ஒழுகாமல் காக்கும் ரப்பர் வளையம்) இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை) தேடினால் கிடைக்கும். உங்கள் ஆபீஸ் நண்பர் விவரமானவர்.

கொளத்தூர்வாசி

தாத்தா சொன்னதில் பாதி ஓகே, ஆனால் கேனிஸ்டரே எதற்கு என்று கேட்கிறேன். தொட்டி இன்னும் வரவில்லை அல்லவா? அப்படியானால் இன்றே கண்ணாடிக்காரருக்கு போன் போட்டு ஓட்டை போடச் சொல்லிவிட்டு சம்ப் வையுங்கள். அடியில் மூன்றடி தொட்டி, நாலு தடுப்பு, மேலிருந்து ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீரை மோட்டார் திரும்ப மேலே ஏற்றும். கேனிஸ்டருக்குள் ஆறேழு லிட்டர் மீடியா வைக்கிற இடத்தில் சம்பில் 40 லிட்டர் வைக்கலாம். பஞ்சு அழுக்கானது கண்ணுக்குத் தெரியும், கையால் எடுத்து வேறு போடலாம், அரை நிமிட வேலை. தண்ணீர் வழிந்து விழும்போதே காற்றும் கலந்துவிடும். ஆவியாகிக் குறைவது சம்பில்தான் குறையும், மேல்தொட்டி எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. டெம்பர்டு கண்ணாடி என்றால் ஓட்டை போட்டால் சிதறிவிடும், சாதாரணக் கண்ணாடியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கரண்ட் போனதும் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் இறங்கும், அதைத் தாங்குகிற காலி இடம் சம்பில் வேண்டும். இதைக் கணக்குப் போடாதவர்கள் வீட்டில் நடுராத்திரி துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

தாத்தா சொன்ன உயரக் கணக்கு இங்கே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், சம்ப் மோட்டார் நிஜமாகவே நாலடிக்கு மேல் தூக்க வேண்டும், அதனால் 3000 லிட்டர் மோட்டார் போட்டால் மேலே வந்து சேர்வது அதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். மோட்டாருடன் வரும் அட்டையில் எத்தனை மீட்டருக்கு எவ்வளவு என்று கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஈரக்கை (வேளச்சேரி)

நான் எஃப்எக்ஸ்6 ஓட்டுகிறவன், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், வாங்கு என்றும் சொல்லவில்லை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிடித்தது: அடியில் ஒரு வால்வு இருக்கிறது, அதில் ஹோஸ் மாட்டிக் கசடுத் தண்ணீரை நேராக வெளியே விட்டுவிடலாம். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக நின்று உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி ஓடும் (முதல் தடவை பார்ப்பவர்கள் மோட்டார் போச்சு என்று பதறுவார்கள், பதற வேண்டாம்). கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலேயே கிளம்பிவிடும். ஹோஸ் நல்ல தடிமன், ஒரு அங்குலம் இருக்கும், ஆஸ்கர் கழிவு அடைக்காது.

பிடிக்காதது: எடை. உள்ளே மட்டும் 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதை ஸ்டாண்டுக்குள்ளிருந்து வெளியே இழுப்பது முதுகுக்கு நல்லதல்ல, எப்போதும் வால்வைத் திறந்து காலி செய்த பிறகுதான் நகர்த்துவேன். உயரமும் கிட்டத்தட்ட 53 செ.மீ., அதற்கு மேல் மூடியைத் தூக்கவும் கூடையை உருவவும் இடம் வேண்டும். ஸ்டாண்ட் செய்யும் முன்னாலேயே இதை அளந்துவிடுங்கள், நீங்கள் எதை வாங்கினாலும் சரி.

கரண்ட் கணக்கு. ஃபில்டர் நிற்கவே நிற்காது, அதனால் வாட்டைப் பார்த்து வாங்குங்கள். 40 வாட் என்றால் 60 நாளுக்கு 57.6 யூனிட். கடையில் சொன்ன மாதிரி 55 வாட் மோட்டாரும் 9 வாட் யூவியும் சேர்த்து எப்போதும் ஓட்டினால் 92 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் முதல் நூறு யூனிட் இலவசம் என்று சந்தோஷப்படுவதற்குள் இந்த ஒரு சாமானே கிட்டத்தட்ட அந்த நூறையும் சாப்பிட்டுவிடும், வீட்டின் மற்ற உபயோகமெல்லாம் மேல் ஸ்லாபுக்கு ஏறும். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசில் கொஞ்சத்தை வருடா வருடம் மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். யூவி, பாசியால் பச்சையாகும் தண்ணீருக்கு நல்ல மருந்து, உங்கள் தொட்டி வெயில் படாத இடத்தில் இருந்தால் எப்போதும் எரிய விடத் தேவையில்லை. அந்த விளக்கும் வருடம் ஒன்று ஆனால் எரிகிற மாதிரிதான் தெரியும், உள்ளே சக்தி குறைந்திருக்கும்.

இன்வெர்ட்டரில் போடுவதாக இருந்தால் சைன்வேவ் வகையா என்று பாருங்கள். பழைய ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரில் இந்த மாதிரி காந்த மோட்டார் ஒரு மாதிரி உறுமும், சூடாகும்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். கேனிஸ்டர் என்பது மூடிய டப்பா. கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்சமிருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும், அதற்கப்புறம் உள்ளே இருப்பது சாக்கடைத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நீண்ட நேரம் நின்றுபோனால் கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீர்கள். இரண்டு வால்வையும் மூடி, டப்பாவைத் திறந்து, நாற்றமடிக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் மாட்டுங்கள். என்னுடையது தானாகக் கிளம்புகிற வகை என்பதால் கரண்ட் போனதுமே பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவேன். பவர்பேங்கில் ஓடும் யூஎஸ்பி ஏர் பம்ப் இரண்டு வாங்கி வையுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை, பெரிய மீன்களை அதுதான் காப்பாற்றும்.

ஒயரை பிளக் பாயின்ட்டுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்கான லைனில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். 600 லிட்டர் தண்ணீருக்குள் தினமும் கை விடப் போகிறீர்கள்.

கோவைமீன்

எங்கள் ஊரில் நிலைமை நேர் தலைகீழ், ஆனாலும் உங்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

ஃபில்டருக்குள் நடப்பது என்ன? மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். இதற்கு ஆக்சிஜனும் வேண்டும், தண்ணீரின் காரத்தன்மையும் வேண்டும். அம்மோனியாவில் இருக்கும் நைட்ரஜன் ஒரு மில்லிகிராமுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம்தான். சென்னையில் ஏப்ரல், மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 போகும், இன்னும் குறையும். அதோடு கேனிஸ்டருக்குள் அழுகும் கசடும் அதே ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். எனவே தாத்தா சொன்ன முன்ஃபில்டர் வெறும் சுத்தத்துக்கு மட்டுமல்ல, உள்ளே பாக்டீரியாவுக்கு மூச்சு விடக் கிடைக்கும். தண்ணீர் திரும்பும் குழாயை ஆழத்தில் விடாமல் ஸ்ப்ரே பாராக (வரிசையாகத் துளை போட்ட குழாய்) மேல்மட்டத்தைக் கலக்குகிற மாதிரி வையுங்கள்.

உங்களுடையது போர் தண்ணீர், பிஹெச் பெரும்பாலும் 8 பக்கம் இருக்கும், அளந்து பாருங்கள். அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் பிஹெச் 7-இல் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது, 8-இல் அதே 30 டிகிரிக்கு ஏழெட்டுப் பங்கு. அதாவது அதே அளவு அம்மோனியா உங்களுக்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆபத்து. புதுத் தொட்டி, புது ஃபில்டர், பழைய பெரிய மீன்கள் என்றால் இது சாதாரண விஷயம் இல்லை, பழைய டாப் ஃபில்டரைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

எங்களுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர், மென்மையான தண்ணீர், காரத்தன்மை குறைவு. இங்கே கேனிஸ்டரை ரொம்ப நாள் திறக்காமல் விட்டால் பிஹெச் கீழே போய்ப் பாக்டீரியாவே வேலையை நிறுத்திவிடும், அதற்காக நான் மீடியாவுக்கு நடுவில் கொஞ்சம் கிளிஞ்சல் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு அது தேவையே இல்லை, யாராவது பவளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள்.

ஹீட்டர் உள்ளேயே இருக்கும் கேனிஸ்டர்களை ஐரோப்பியர்கள் கொண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள், ஓஸே பயோமாஸ்டர் தெர்மோ மாதிரி. முன்ஃபில்டரைத் தனியாக உருவி எடுக்கும் அந்த வசதி உண்மையிலேயே அருமை, ஆனால் சென்னையில் ஹீட்டருக்கு எதற்குக் காசு. ஹீட்டர் இல்லாத மாடலும் இருக்கிறது, கிடைத்தால் அதைப் பாருங்கள்.

ஆஸ்கர்வீடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

சம்ப் பற்றி வீட்டில் பேசினேன். தொட்டி வைக்கும் இடம் ஹால், அப்பா அங்கேதான் படுப்பார், ராத்திரி முழுக்கத் தண்ணீர் விழும் சத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொளத்தூர்வாசி அண்ணே மன்னிக்கவும். பிஹெச் அளந்தேன், 8.1 காட்டுகிறது.

இப்போது யோசிப்பது: 2217 ஒன்று இப்போதே வாங்குவது, இன்னொரு பக்கத்துக்கு வாட் குறைந்த, கூடை வைத்த, ஓரளவு விலையுள்ள கேனிஸ்டர் ஒன்று. இரண்டும் சேர்த்து பெட்டிக் கணக்கில் மணிக்கு 2200, 2300 வரும். இது 600 லிட்டருக்கு 4 மடங்கைத் தொடவில்லையே, ஆஸ்கருக்கு 8 மடங்கு, 10 மடங்கு வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்புறம், வேறு வேறு மாடல் இரண்டைச் சேர்த்து ஓட்டலாமா? உள்ளே எந்த வரிசையில் எதைப் போடுவது? கடையில் செராமிக் ரிங், பயோ பால் (பிளாஸ்டிக் உருண்டை), கார்பன், இன்னும் ஏதோ விலையுயர்ந்த கல் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகக் கொடுத்திருக்கிறார்கள், மீடியா மட்டுமே ஆறாயிரம் ஆகிறது.

சிக்லிட்தாத்தா (பெரம்பூர்)

அந்தப் பட்டியலை மடித்துப் பையில் வையுங்கள் தம்பி.

10 மடங்கு என்பது அழுக்கை நகர்த்துவதற்கான கணக்கு, பாக்டீரியாவுக்கான கணக்கு இல்லை. கசடு ஒரே இடத்தில் சேராமல் உறிஞ்சும் குழாய் வரை வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அதற்காக மீடியா வழியாக 6000 லிட்டர் தள்ள வேண்டியதில்லை. இரண்டு கேனிஸ்டர் ஓடியும் ஏதோ ஒரு மூலையில் கசடு நிற்கிறது என்றால் அங்கே ஐந்தாறு வாட்டில் ஒரு சின்ன பவர்ஹெட் (தொட்டிக்குள்ளேயே தண்ணீரைத் தள்ளும் மோட்டார்) போடுங்கள், தீர்ந்தது. செவரத்துக்கு வேகமான ஓட்டம் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள், ஒரு ஓரமாவது அமைதியாக இருக்கட்டும்.

வேறு வேறு மாடல் தாராளமாக ஓட்டலாம். சொல்லப்போனால் அதுவே நல்லது, ஒன்றின் பாகம் கிடைக்காமல் போனாலும் இன்னொன்று ஓடும். ஒன்றின் உறிஞ்சும் குழாயை இடது பக்கமும் அதன் தண்ணீர் விழுவதை நடுப்பக்கமாகவும் திருப்புங்கள், மற்றதற்கு நேர் எதிராக. கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் தரையில் கசடு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். ஆஸ்கர் இரண்டும் மணலைத் தோண்டுவதால் உறிஞ்சும் முனை தரையிலிருந்து நாலு விரல் மேலே இருக்கட்டும், மணல் உள்ளே போனால் இம்பெல்லர் அரைபடும்.

உள்ளே வரிசை: தண்ணீர் எந்தப் பக்கமிருந்து மீடியாவைத் தொடுகிறதோ அங்கே கரடான ஸ்பாஞ்ச், அடுத்து நடுத்தரம், அதற்கு அப்புறம் செராமிக் ரிங் அல்லது கல், கடைசியில் வேண்டுமானால் மெல்லிய வெள்ளைப் பஞ்சு. 2217-இல் தண்ணீர் அடியில் நுழைந்து மேலே ஏறும், எனவே கரடு அடியில். கூடை வகையில் மாடலைப் பொறுத்து மாறும், பெட்டிக்குள் வரும் படத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். வெள்ளைப் பஞ்சு சீக்கிரம் அடைத்துக்கொண்டு ஓட்டத்தைப் பாதியாக்கும், நான் போடுவதில்லை. கார்பன் மருந்து போட்ட பிறகு அதை எடுக்கத்தான். பயோ பால் தண்ணீர் மேலிருந்து சொட்டுகிற ஃபில்டருக்காக வந்தது, மூழ்கிக் கிடக்கும் டப்பாவில் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். விலையுயர்ந்த கல்லுக்கு ஒரு கிராமில் கால்பந்து மைதானம் அளவு பரப்பு என்கிற மாதிரி விளம்பரம் போடுவார்கள், அந்தத் துளையெல்லாம் ஆஸ்கர் கசடில் அடைபட்டால் சாதாரணக் கல்தான். நல்ல கரடு ஸ்பாஞ்சே பாக்டீரியாவுக்குப் போதுமான வீடு. அதற்காக சோபா மெத்தை ஸ்பாஞ்சை வெட்டிப் போடாதீர்கள், அதன் துளைகள் ஊடாகத் தண்ணீர் போகாது, என்ன ரசாயனம் பூசியிருக்கிறார்களோ. மீன் கடை ஸ்பாஞ்சையே வாங்குங்கள்.

மாற்றும் விதம்: இப்போதே 2217-ஐ வாங்கி அந்த 4 அடி தொட்டியில் டாப் ஃபில்டரோடு சேர்த்து ஓட விடுங்கள். தொட்டி வர ஒரு மாதம் இருக்கிறதே, அதற்குள் உள்ளே பாக்டீரியா பிடித்துவிடும். மீனை மாற்றும் அன்று அதை அப்படியே ஈரம் காயாமல் கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் மாட்டி, டாப் ஃபில்டரின் பழைய ரிங்கையெல்லாம் இரண்டாவது கேனிஸ்டருக்குள் போட்டுவிடுங்கள். கோவைக்காரர் சொன்ன பத்து மடங்கு ஆபத்து இதில் பெருமளவு போய்விடும். முதல் இரண்டு வாரம் தீனியைப் பாதியாக்குங்கள், ஆஸ்கர் கண்ணாடியில் முட்டிக்கொண்டு உங்களையே பார்க்கும், இரக்கப்படாதீர்கள். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஒன்று விட்டு ஒரு நாள் அளந்து பாருங்கள், ஏதாவது காட்டினால் அன்றே தண்ணீர் மாற்றிவிடுங்கள். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஊற்றும் நாளில் குளோரின் முறிக்கும் மருந்து போடாமல் ஊற்ற வேண்டாம், மீடியாவையும் அதில் கழுவ வேண்டாம். அப்புறம் இரண்டு கேனிஸ்டரையும் ஒரே வாரத்தில் கழுவாதீர்கள்.

ஈரக்கை (வேளச்சேரி)

தாத்தா விட்டதை நான் சேர்க்கிறேன். ஒழுகுவது பெரும்பாலும் டப்பா உடைந்து அல்ல, ஓ-ரிங்கில் ஒரு மணலோ முடியோ உட்கார்ந்து. ஒவ்வொரு தடவை மூடும் முன்னும் பள்ளத்தை விரலால் துடைத்துவிட்டு ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். இம்பெல்லர் தண்டு செராமிக், கை தவறினால் ஒடியும், உருவும்போது நேராக உருவுங்கள்.

ஹோஸ் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் குழாயின் முனை எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதுவரை தொட்டி காலியாகி ஹாலுக்கு வந்துவிடும். குழாயில் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே ஒரு சின்னத் துளை போட்டால் அந்த அளவு இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். துளை அதற்கும் மேலே இருந்தால் தினம் ஆவியாகிற தண்ணீருக்கே காற்று இழுக்க ஆரம்பிக்கும். ஹோஸ் ஒவ்வொரு முனைக்கும் ஸ்டீல் கிளிப் போட்டு இறுக்கிவிடுங்கள், பிளாஸ்டிக் மறையை மட்டும் நம்ப வேண்டாம்.

கொளத்தூர்வாசி

சம்ப் வேண்டாம் என்று சொன்ன அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், ஹா ஹா.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் போய் ஃபில்டர் வாங்காதீர்கள், வார நாளில் கடைக்குப் போங்கள், உட்கார வைத்துப் பேசுவார்கள். கடையிலேயே பெட்டியைத் திறந்து இம்பெல்லரை உருவி தண்டு முழுசாக இருக்கிறதா, மூடியின் கிளிப் நாலும் சரியாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். இந்த மாடலுக்கு ஓ-ரிங், இம்பெல்லர், வால்வு செட் மூன்றும் இப்போது உங்களிடம் ஸ்டாக் இருக்கிறதா என்று கேளுங்கள், வரும் சார் வரும் சார் என்று சொன்னால் அந்த மாடல் வேண்டாம். நான் ஒருமுறை ஒரு கம்பெனியின் கேனிஸ்டருக்கு வால்வு கேட்டு எழுதியதற்கு அந்த மாடலே நிறுத்தியாச்சு என்று பதில் வந்தது, வாரண்டி அட்டை என் டிராயரில் அப்படியே இருக்கிறது. ஓ-ரிங் ஒன்று கூடுதலாக அன்றே வாங்கிவிடுங்கள்.

ஆஸ்கர்வீடு

சரி, முடிவு செய்துவிட்டேன். 2217 ஒன்று இந்த வாரமே வாங்கி 4 அடி தொட்டியில் ஓட விடுகிறேன். இரண்டாவது எது என்பதைக் கடையில் ஸ்பேர் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஸ்டாண்டின் உள் உயரம் 26 அங்குலம் என்று போட்டிருந்தோம், ஆனால் நடுக்கால் வருகிற இடத்தில் ஒரு பக்கம் 20 அங்குல அகலம்தான் கிடைக்கிறது, அதற்குள் கேனிஸ்டரும் ஹோஸ் வளைவும் சேர்த்து அடங்காது போல. ஆசாரியிடம் பேசிப் பின்பக்கப் பலகையை முழுசாக அடிக்காமல் இரண்டு ஓரத்திலும் ஹோஸுக்கு வழி விடச் சொல்லியிருக்கிறேன், நடுக்காலை நகர்த்த முடியாதாம், 800 கிலோ அதில்தான் நிற்கிறது என்கிறார்.